ஓடாத முடிச்சுகள்

எங்கள் பேராசிரியர் பத்திரிகைக்காகப் படம் எடுத்துக்கொண்ட நாளில் நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மலைச்சரிவில் காட்டுக்கு நடுவே நிற்கும் அந்தப் பெரிய ரேடியோ தொலைநோக்கித் தட்டின் அடியில், கார்டுராய் கோட்டும் மலையேறும் ஷூவும் போட்டுக்கொண்டு, வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். புகைப்படக்காரர் "இன்னும் கொஞ்சம் மேலே" என்றதும் இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தார். காலை பத்து மணி. வானத்தில் மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. தட்டும் அன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் விளிம்பில் இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படத்தில் விழாதபடி எடுக்கச் சொன்னார்.

அவர் எந்தக் கண்டுபிடிப்புக்காக அப்படி நின்றாரோ, அது பொய் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியும். அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாயிரத்து மூன்றின் இலையுதிர் காலத்தில் முனைவர் பட்டத்துக்காக ஜெர்மனிக்கு வந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பெண்; ஊரில் வேதக்கார வீடு என்பார்கள். இயற்பியலில் முதல் மதிப்பெண், யாரையும் லேசில் மதிக்காத சுபாவம், இரண்டு ஸ்வெட்டர். இவைதான் நான் கொண்டுவந்தவை. ரூர் பகுதியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இடம் கொடுத்தது. அங்கே டோர்ட்மண்ட் நகரில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அக்கா முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்த்தார்.

வானியல் என்றதும், குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு விடிய விடிய நட்சத்திரம் பார்ப்பேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். ரேடியோ அலைக்குப் பகல் இரவு கிடையாது. ஒன்பது மணிக்கு ரயிலில் போனேன், ஆறு மணிக்கு ரயிலில் வந்தேன். நடுவில் கணினித் திரை. நாலு மணிக்குக் கேக். பிறந்தநாள்காரரே கேக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். எங்கள் தளத்தில் நாற்பது பேர் இருந்தோம். அந்த நிறுவனத்தில் எனக்குத் தெரிந்து ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அந்தக் கேக் முறைதான்.

எங்கள் வேலை இது. சில விண்மீன் மண்டலங்களின் நடுவில் மிகப் பெரிய கருந்துளை இருக்கும். அதில் விழப்போகிற பொருளில் ஒரு பங்கு உள்ளே விழாமல், பீய்ச்சியடித்த தண்ணீர் மாதிரி இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு வெளியே போகும். அதற்கு ஜெட் என்று பெயர். சாதாரணத் தொலைநோக்கியில் பெரும்பாலும் தெரியாது, ரேடியோவில் பளிச்சென்று தெரியும். அதனால் அவற்றை ரேடியோ மண்டலங்கள் என்போம். பல நாடுகளில் இருக்கும் தட்டுகளை ஒரே நேரத்தில் ஒரே மண்டலத்தின் பக்கம் திருப்பி, எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்தால், ஜெட் கிளம்பும் இடமே படமாகக் கிடைக்கும். படம் என்றதும் பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். நீளவாக்கில் ஒரு கறை. அதற்குள் சில பிரகாசமான திட்டுகள். அந்தத் திட்டுகளை நாங்கள் முடிச்சு என்போம். ஒரு முடிச்சு காலப்போக்கில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்தால் ஜெட்டின் வேகம் தெரியும்.

எங்களிடம் ஒரு ரேடியோ மண்டலத்தின் நான்கு படங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஏறக்குறைய அரை வருடம். முதல் படத்தில் ஒரு பெரிய முடிச்சு கருந்துளைக்கு அருகில் இருந்தது. அடுத்ததில் சற்றுத் தள்ளி, அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. பேராசிரியர் அந்த நான்கையும் ஒரே முடிச்சு என்று எடுத்துக்கொண்டு கோடு போட்டார். ஒளியைவிடப் பல மடங்கு வேகம் வந்தது. நம் பக்கமாகச் சாய்ந்து வரும் ஜெட்டுகளில் அப்படித் தோன்றுவது தெரிந்த விஷயம்தான். அது உண்மையான வேகம் இல்லை, கோணம் தரும் மயக்கம். ஆனால் எங்கள் ஜெட் நமக்குக் குறுக்காகப் போவது. அதில் அத்தனை வேகம் தெரியக் கூடாது. தெரிந்தால் பாடப்புத்தகத்தை மாற்ற வேண்டும். பேராசிரியருக்குப் பாடப்புத்தகத்தை மாற்ற ரொம்ப ஆசை.

எங்கள் குழுவில் மூன்று பேர். பேராசிரியர், நான், மூன்றாவதாக ஒரு கோயம்புத்தூர்க்காரர். அவர் ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கியவர், ஒப்பந்தத்தில் இருந்தார். மனைவி ஹனோவரில் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்ததால் ஒவ்வொரு வெள்ளியும் மூன்று மணி ரயிலைப் பிடித்து ஓடிவிடுவார். பேராசிரியர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவார். ஆமாம் என்றும் இல்லை என்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஆட்டம். முதல் மாதத்திலேயே அவருக்கு மனதுக்குள் தலையாட்டி என்று பெயர் வைத்துவிட்டேன். தமிழ் பேச ஒரு ஆள் கிடைத்ததே என்று அவர் சந்தோஷப்பட்டார். நான் அவரிடம் வேண்டுமென்றே ஆங்கிலத்தில் பேசினேன்.

இரண்டாயிரத்து ஆறின் வசந்தத்தில் கட்டுரை எழுத ஆரம்பித்தோம். அப்போதுதான் வேறொரு நாட்டுக் குழு தங்கள் பதிவுகளைச் சரிபார்த்துக்கொள்வதற்காக எங்கள் மண்டலத்தையும் ஒருமுறை பார்த்திருந்தது எனக்குத் தெரியவந்தது. எங்கள் இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் சரியாக நடுவில். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். முடிச்சு ஓடுகிறது என்றால் இந்தப் படத்தில் அது பாதி வழியில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் உட்கார்ந்து படத்தை உருவாக்கினேன்.

பாதி வழியில் ஒன்றும் இல்லை. பழைய இடத்தில் மங்கலாக ஒரு முடிச்சு. அடுத்த இடத்தில் மங்கலாக இன்னொரு முடிச்சு. நடுவில் வெறுமை.

என்மேல்தான் தப்பு என்று நினைத்தேன். மறுபடி முதலிலிருந்து செய்தேன். மூன்றாவது முறையும் செய்தேன். அதே படம்.

அந்தக் கோடையில் ஜெர்மனியே உலகக் கோப்பைப் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. டோர்ட்மண்டுக்கு அருகே ஊன்ட்றொப்பில் ஈழத்தமிழர்கள் கட்டிய அம்மன் கோயிலில் தேர்த் திருவிழா. அக்கா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்குக் கோயில் பழக்கம் கிடையாது. சாப்பாட்டுக்காகப் போனேன். கால்வாய்க்கரை முழுக்கக் கூட்டம், கடைகள். ஒரு சேலைக் கடைக்கு எதிரில் நின்று இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"என்ன பிள்ளை, முகம் தொங்கிப்போய்க் கிடக்கு? உம்மடை புரொஃபெசர் ஏசிப்போட்டாரோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. வேலைல ஒரு விஷயம் சரியா வரல. சொன்னா உங்களுக்குப் புரியாது."

"சொல்லும் பாப்பம்."

கையில் தட்டை வைத்துக்கொண்டு சொன்னேன். முடிச்சு இங்கே இருந்தது, பிறகு அங்கே இருந்தது, நடுவில் பார்த்தால் நடுவில் இல்லை, இரண்டு இடத்திலும் பாதி பாதியாக இருக்கிறது.

அக்கா வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, சேலைக் கடை வாசலில் சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்த விளக்குப் பலகையைக் காட்டினார்.

"உதைப் பாரும். எழுத்து ஓடுதெல்லே?"

"ஓடுது."

"பல்ப் ஓடுதே? அது அது அந்தந்த இடத்திலைதான் நிக்குது. ஒண்டு அணைய மற்றது எரியுது. உம்மடை முடிச்சும் உப்பிடித்தான். உதைக் கண்டுபிடிக்க உமக்கு டொக்டர் பட்டம் வேணுமே?"

எனக்குச் சுருக்கென்றது. வாரக்கணக்கில் திரையை முறைத்துக்கொண்டிருந்த எனக்கு வராதது, கட்டில் கட்டிலாகப் போர்வை மாற்றும் ஒருவருக்கு ஒரு வாய் இடியாப்பத்துக்குள் வந்துவிட்டதே என்ற எரிச்சல். நன்றி சொல்லவில்லை. "அவ்வளவு சிம்பிள் இல்லக்கா" என்றேன்.

"ஓம், ஓம். சாப்பிடும். நாளைக்கு வெள்ளனக் காலமை எனக்கு டொக்டரிட்டை ஒரு டெர்மின் கிடக்கு, வெளிக்கிடுவம்" என்றார் அக்கா.

அவ்வளவு சிம்பிளாகத்தான் இருந்தது. அந்த இடங்களில் ஜெட் எதன்மீதோ மோதுகிறது. முடிச்சுகள் நகரவில்லை. ஒவ்வொன்றும் முறை வைத்துப் பிரகாசமாகி மங்குகிறது. அரை வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவனுக்கு ஒன்றே ஓடுவதுபோலத் தெரியும். ஒரே வாரத்தில் எல்லாப் படங்களையும் அப்படி வைத்துக் கணக்குப் போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது.

வாராந்தரக் கூட்டத்தில் காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. இன்றுவரை அந்த மனிதரிடம் எனக்கு இருக்கும் வெறுப்புக்குக் காரணம் அதுதான். முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"அன்று ஒரு தட்டின்மேல் மழை பெய்திருக்கிறது" என்றார்.

"பத்துத் தட்டில் ஒன்றில்தான். அதை எடுத்துவிட்டும் செய்து பார்த்தேன். அதே படம்தான் வருகிறது" என்றேன்.

"சந்தேகமான பதிவைச் சேர்த்தால் நல்ல பதிவுக்கும் கெட்ட பெயர்." கோயம்புத்தூர்க்காரர் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அவர் தலையை ஆட்டினார். "நான் ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார்.

ஒருமுறை பார்க்க வேண்டுமாம்! எதிரில் திரையில் அத்தனை பெரிதாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவர் என் மேஜைக்கு வந்து, "அந்த டேட்டாவக் கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ரயிலில் ஹனோவருக்கு எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தார்.

"உங்க படம் சரியாத்தாங்க இருக்கு."

"அப்ப அதை மீட்டிங்ல சொல்லிருக்கலாமே?"

"சொல்றேங்க."

அடுத்த கூட்டத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

நான் மட்டும் என்ன செய்தேன்? ஒரு மதியம் பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் படிவம் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மிரட்டவும் இல்லை. கட்டுரையில் அந்தப் பதிவை ஏன் சேர்க்கவில்லை என்று விளக்க ஒரு வரி வேண்டும், நீயே எழுதிவிடு, உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றார். "மோசமான வானிலை காரணமாக ஒரு பதிவு தவிர்க்கப்பட்டது" என்று எழுதினேன். வாசகம் அழகாக அமையவில்லை என்று இரண்டு முறை திருத்தவும் செய்தேன். அவர் படித்துவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை இதழுக்குப் போகும்போது பார்த்தேன், ஆசிரியர் பட்டியலில் கோயம்புத்தூர்க்காரரின் பெயர் இல்லை. முன்பு நான் மூன்றாவது, இப்போது இரண்டாவது. பேராசிரியரிடம் கேட்டேன். "அவருடைய பங்களிப்பு போதாது" என்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓடுகிறவருக்குக் கிடைத்த கூலி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் கட்டுரை வெளிவந்தது. நிறுவனம் செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஓவியர் ஒருவரை வைத்து ஆரஞ்சு நிறத்தில் தீப்பந்தம் ஒன்று பறப்பதுபோலப் படம் வரைந்தார்கள். தட்டின் அடியில் அண்ணாந்து பார்த்த படம் உள்ளூர்ப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் வந்தது. டோர்ட்மண்டில் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் கூடிய பொங்கல் விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். "லைட்டையே முந்திட்டாங்க நம்ம பொண்ணு!" என்றார் ஒலிபெருக்கிக்காரர். அக்காவும் வந்திருந்தார். கை தட்டினார். காரில் திரும்பும்போது கேட்டார்:

"அப்ப அது ஓடுதோ பிள்ளை?"

"வெதர் சரியில்லாததால அந்த டேட்டாவ எடுத்துட்டோம்க்கா."

சிக்னல் பச்சையானதும் அக்கா காரை எடுத்தார். "எங்கடை ஹைம்மிலையும் சில பேர் மருந்து குடுத்ததெண்டு எழுதிப்போட்டுக் குடுக்காமல் விடுறவை" என்றார். அத்துடன் விட்டுவிட்டார். வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தைத்தான் அவர் ஹைம் என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துப் போனேன். நிறுவனத்துக்குப் பக்கம் என்று காரணம் சொன்னேன்.

அந்தக் குளிர்காலத்தில் கோயம்புத்தூர்க்காரரின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. பிரிவு உபசாரத்துக்கு அவரே கேக் கொண்டுவந்தார். பேராசிரியர் இரண்டு நிமிடம் பேசினார். அதில் ஒரு நிமிடம் தன்னைப் பற்றி. கோயம்புத்தூர்க்காரர் ஹனோவருக்குப் போய் மென்பொருள் வேலையில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு அதுதான் லாயக்கு என்று நினைத்தேன்.

நான் பட்டம் வாங்கினேன். அங்கேயே ஆய்வாளர் ஒப்பந்தமும் கிடைத்தது. ஒன்றரை வருடம் கழித்து, கடல் கடந்த ஒரு குழு எங்கள் மண்டலத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து பார்த்துக் கட்டுரை வெளியிட்டது. முடிச்சுகள் நகரவில்லை, நின்ற இடத்திலேயே மாறி மாறிப் பிரகாசிக்கின்றன. எங்கள் கட்டுரையை ஒரே வரியில் ஓரங்கட்டியிருந்தார்கள். பேராசிரியர் நொந்துபோவார், ஒரு வாரமாவது அறைக்குள் அடைந்து கிடப்பார் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

அடுத்த மாநாட்டில் அவர்தான் தொடக்கவுரை. தலைப்பு: ஜெட்டுகளில் நிலையான முடிச்சுகள். நான் செய்து, அவர் தவிர்க்கச் சொன்ன அந்த ஐந்தாவது படத்தைத் திரையில் போட்டார். "அப்போதே எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது" என்றார். அரங்கம் கை தட்டியது. கேள்வி நேரத்தில் ஒருவர், "இந்தப் படத்தை ஏன் அன்று வெளியிடவில்லை?" என்று கேட்டார். "விஞ்ஞானி பொறுமையாக இருக்க வேண்டும்" என்றார் பேராசிரியர். அதற்கும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். பழக்கம்.

திரும்பி வந்ததும் வேறு வேலை தேட ஆரம்பித்தேன். ஹனோவரில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. அந்த ஊரில் தெரிந்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்தான் என்பதால் அவருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் ரொட்டிக் கடையில் சந்தித்தோம். கொஞ்சம் பருத்திருந்தார். பெண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். மாநாட்டில் நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் படத்த அவரே போட்டாரா?"

"அவரேதான். உங்களுக்கு நல்லதாப் போச்சு, உங்க பேரை அப்பவே எடுத்துட்டார்."

அவர் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "அவர் எடுக்கலீங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"நீங்களா?"

"உங்க படம் சரின்னு அவர் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். மூணு தடவ சொன்னேன். முடியாதுன்னார். அப்ப இந்தப் பேப்பர்ல என் பேர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். கான்ட்ராக்ட் நீட்டிக்க மாட்டார்னு தெரியும். வீட்ல பேசிக்கிட்டோம்."

ரயில் அறிவிப்பு ஒன்று வந்து முடிந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்க பட்டம் அவர் கையில இருந்துச்சுங்க. சொல்லி உங்களச் சங்கடத்துல விடக் கூடாதுன்னு நெனச்சேன்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லியிருந்தா நீங்களும் பேர எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நேர்முகத் தேர்வுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்தத் தேர்வில் நன்றாகப் பேசினேன், வேலையும் கிடைத்தது. இப்போது மழை அளக்கும் ரேடாருக்கு மென்பொருள் எழுதுகிறேன். மழையைக் காரணம் காட்டி எதையும் தள்ளிவிட முடியாத வேலை.

நிறுவனத்தை விட்டுப் போவதற்கு முன் பேராசிரியரிடம் போய், எங்கள் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன். "எதற்கு? அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்" என்றார். சொல்லிவிட்டு அந்த வாசகம் பிடித்துப்போய்க் குறித்துவைத்துக்கொண்டார். நான் தனியாக நாலு பக்கம் எழுதினேன். அந்தப் பதிவில் கோளாறு எதுவும் இல்லை, அதைத் தவிர்த்ததற்கான வரியை எழுதியது நான், அது சரியில்லாத காரணம் என்று எழுதி, படத்தோடும் பதிவோடும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டேன். ஏறக்குறைய யாரும் பார்க்கவில்லை. பேராசிரியருக்கு அந்த வருடம் விருது ஒன்று கிடைத்தது. அக்காவுக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். "கிடைச்சது. ஒரு நாளைக்குச் சாப்பிட வாரும்" என்று குறுஞ்செய்தி வந்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் போனேன்.

என் நாலு பக்கத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதிய ஒரே ஆள் கோயம்புத்தூர்க்காரர். பாராட்டு ஒன்றும் இல்லை. நிலப்படம் மாதிரி இல்லாமல், வானத்துப் படத்தில் கிழக்கு இடது பக்கம் வர வேண்டும், உங்கள் படத்தில் அம்புக்குறி வலது பக்கம் இருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். வலது பக்கம்தான் இருந்தது. மாற்றினேன்.